சூடு, எண்ணெய், புளி

நம்மவர் எந்த ஊருக்குக் குடிபெயர்ந்து சென்றாலும் மூன்றை உடன்கொண்டு செல்லத் தவறுவதில்லை. ஆவி பறக்க உண்ணும் வழக்கம் ஒன்று, எண்ணெய் மற்றொன்று, புளி மூன்றாவது. மும்பை மாதுங்காவிலாயினும், தில்லிக் கரோல்பாக்கிலாயினும், கொல்கத்தாவின் லேக் மார்க்கெட்டைச் சுற்றியுள்ள தெருக்களிலாயினும், தமிழர் இல்லம் எதுவென்று மாடிப்படி ஏறும்போதே மூக்கு அறிவித்துவிடும். கொதிக்கும் ரசத்தின் மணத்தைக் காட்டிலும் உறுதியான பெயர்ப்பலகை வேறு உண்டோ?

இம்மூன்றும் நாவுக்குச் செய்யும் உபகாரத்தை நாம் அறிவோம். இரசாயன நூல் வல்லாரைக் கேட்டால், இவற்றுக்கு வேறொரு தொழிலும் உண்டென்று கூறுவர். காகிதத்திலோ, பையிலோ, பாத்திரத்திலோ அடங்கிக் கிடக்கும் வேண்டாத பொருளை வெளியே அழைத்து வந்து உணவில் சேர்ப்பதற்கு, சூட்டையும் எண்ணெயையும் புளிப்பையும் போல வல்ல தூதுவர் இல்லை. உலர்ந்த அரிசியைக் கட்டிவைக்கும்போது பெரும்பாலும் தீங்கு செய்யாத பை, கொதிக்கும் சாம்பாரை ஊற்றினால் அவ்வாறு இருப்பதில்லை. தண்ணீர் வைத்தால் வாளாவிருக்கும் உலோகம், புளிக்கரைசலைக் கண்டால் கரையத் தலைப்படுகிறது. ஆகவே மற்றையோர் சமையலறையைக் காட்டிலும் நம் சமையலறைக்கு இவ்விஷயத்தில் கவலை சற்று அதிகமாகவே வேண்டியிருக்கிறது.

உணவில் செய்யப்படும் கலப்படத்தைப் பற்றி எழுதுவோர் பலர் உளர். உணவு தூய்மையாகவே இருந்து, அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் பொருளால் கெடுவதைப் பற்றி எழுதுவோர் சிலரே. அதனால்தான் இதனை இங்கே எடுத்துக்கொண்டோம்.

செய்தித்தாளிலிருந்து தொடங்குவோம். மும்பைத் தெருக்களில் வடா-பாவ் விற்பவர் பலரும் கிழித்து வைத்த நாளிதழிலேயே அதைச் சுற்றித் தருகின்றனர். தில்லியில் சமோசாவும், கொல்கத்தாவில் மசாலாப் பொரியும் பழைய தாளை ஒட்டிச் செய்த உறையில் வருவதுண்டு. நம் வீடுகளும் இதற்கு விலக்கல்ல. எண்ணெய்ச் சட்டியிலிருந்து எடுத்த வடையையும் அப்பளத்தையும் செய்தித்தாளின்மேல் பரப்பி எண்ணெய் வடியவிடும் இல்லத்தரசியர் எத்தனை பேர்! அதிலும் ஊரிலிருந்து வருபவர் கொண்டுவரும் தமிழ்ப் பத்திரிகையென்றால் நமக்கு அதை எறிய மனம் வருவதில்லை. இரண்டு முறை வாசித்து, அண்டை வீட்டாருக்கும் கொடுத்து வாங்கி, கடைசியில் முறுக்கு டப்பாவின் அடியில் விரித்துவிடுகிறோம்.

நாளிதழை வாசித்து முடித்தபின் விரல்நுனி கறுத்திருப்பதைக் காணாதவர் இல்லை. அதன் காரணம் எளிது. நாளிதழ் அச்சிடும் மை பெரும்பாலும், நிறப்பொடியைப் பெட்ரோலியத்திலிருந்து எடுத்த எண்ணெயில் குழைத்துச் செய்யப்படுவது. அது வண்ணப்பூச்சைப் போலக் காய்ந்து இறுகுவதில்லை. தாளின் நாருக்குள் ஊறி நிற்பதோடு சரி. அந்தத் தாளின்மேல் சூடான எண்ணெயில் தோய்ந்த வடையை வைத்தால் என்ன நிகழும்? எண்ணெய் எண்ணெயைக் கரைக்கும். தாள் வடையின் எண்ணெயை உறிஞ்சுவதாக நாம் நினைத்துக்கொண்டிருக்கும் அதே வேளையில், வடையும் தாளின் எண்ணெயைத் தன் பங்குக்கு உறிஞ்சிக்கொண்டிருக்கிறது.

தொட்டால்தான் ஒட்டும் என்பதும் இல்லை. ஸ்விட்சர்லாந்து நாட்டில் சூரிச் நகரத்து உணவுப் பரிசோதனைச் சாலையினர் 2010ஆம் ஆண்டை ஒட்டி ஆராய்ந்தபோது, பழைய செய்தித்தாள்களை அரைத்துச் செய்த அட்டைப்பெட்டிகளிலிருந்து இந்த மை எண்ணெய் ஆவியாகக் கிளம்பி, உள்ளே காகிதப் பைக்குள் இருந்த உலர்ந்த உணவுப் பண்டங்களிலும் சென்று படிவதைக் கண்டனர். இவ்வெண்ணெயின் ஒரு பகுதி புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2012இல் எச்சரித்தது.

நம் நாட்டிலும் சட்டம் இல்லாமல் இல்லை. இந்திய உணவுப் பாதுகாப்பு தர நிர்ணய ஆணையம் 2016 டிசம்பரில், செய்தித்தாளில் உணவு பொதிவதைக் கைவிடுமாறு நாட்டு மக்களுக்கு அறிவுரை வழங்கியது. 2018ஆம் ஆண்டின் உணவுப் பொதிவு விதிகள் அதனைத் தடையாகவே ஆக்கின. அவை 2019 ஜூலை முதல் தேதியிலிருந்து நடைமுறையில் உள்ளன. மீண்டும் 2023இல் ஆணையம் அதே வேண்டுகோளை விடுக்க நேர்ந்தது என்பதிலிருந்தே, விதி எவ்வளவு தூரம் தெருமுனைக்கு வந்து சேர்ந்திருக்கிறது என்பது விளங்கும். வடா-பாவ் விற்பவரோடு சட்டம் பேசி என்ன பயன்? வீட்டிலிருந்து ஒரு சிறு எவர்சில்வர் டப்பாவை எடுத்துச் சென்று நீட்டினால் அவர் மறுக்கப்போவதில்லை. (எவர்சில்வர் என்றால் வடநாட்டுக் கடைக்காரருக்கு விளங்காது, ஸ்டீல் என்று கேட்க வேண்டும்.) வீட்டிலே வடையை வடியவிடுவதற்குக் கண்ணுள்ள தட்டு ஒன்று போதும். நம் பாட்டிமார் அதைத்தான் வைத்திருந்தனர்.

செய்தித்தாளுக்கு அடுத்தபடியாகச் சாம்பார்ப் பை. ஞாயிற்றுக்கிழமை காலையில் இட்லி வாங்கப் போகிறவர் வெறுங்கையோடு போய், இரப்பர் வளையம் மாட்டிய மூன்று பாலிதீன் பைகளோடு திரும்பும் காட்சி நமக்குப் பழக்கமானதே. பாலிதீன் பொல்லாதது என்று கண்ணை மூடிக்கொண்டு நாம் கூறமாட்டோம். தூய பாலிதீன் ஓரளவு சாதுவான பொருள். பால் உறை அதனால்தான் செய்யப்படுகிறது; பால் குளிர்ந்திருக்கிறது என்பதையும் சேர்த்து நினைவில் கொள்க. ஆனால் கடையில் கிடைக்கும் பை தூய பாலிதீன்தானா, அல்லது குப்பையிலிருந்து பொறுக்கி உருக்கி மீண்டும் வார்த்ததா என்பதை யார் அறிவார்? கறுப்பும் நீலமுமாக வரும் பைகளைக் கண்டால் ஐயுறவே வேண்டும். முன்பிருந்த அழுக்கை மறைக்கத்தான் பெரும்பாலும் அந்த நிறம். மலிவான நிறப்பொடிகளில் காரீயமும் காட்மியமும் இருப்பதுண்டு. மறுவார்ப்புப் பைகளில் உணவுப் பொருள் கொடுக்கலாகாது என்று மத்திய அரசு 1999ஆம் ஆண்டிலேயே விதி செய்துவிட்டது. அதன் பின்னர் பையின் கனத்தைப் பற்றியும், ஒருமுறை உபயோகித்து எறியும் பொருள்களைப் பற்றியும் எத்தனையோ விதிகள் வந்தன. கொதிக்கக் கொதிக்கச் சாம்பார் ஊற்றப்படுவது மட்டும் நிற்கவில்லை. அலுவலகத்துக்கு அடுக்குச் சாப்பாடு சுமந்து செல்லும் நாம், கடைக்குச் செல்லும்போது மட்டும் அடுக்கை ஏன் மறந்துவிடுகிறோம்?

தேநீர் வரும் காகிதக் குவளையைப் பற்றியும் ஒரு சொல். காகிதமென்றால் தீங்கில்லை என்று நம்பிப் பலர் பிளாஸ்டிக் குவளையை விட்டு அதற்கு மாறினர். காகிதம் நீரைத் தாங்காது. ஆதலால் உட்புறம் மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒட்டியே அதைச் செய்கின்றனர். கரக்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தினர் 2020இல் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, அத்தகைய குவளையில் 100 மில்லிலிட்டர் சூடான நீர் 15 நிமிஷம் இருந்தால் சுமார் 25,000 நுண்ணிய பிளாஸ்டிக் துகள்கள் அதில் கலக்கின்றன. அவை உடலுக்குச் செய்யும் கேட்டின் முழு அளவை விஞ்ஞானிகள் இன்னும் ஆராய்ந்து வருகின்றனர். ஆராய்ச்சி முடியும்வரை நாம் குடித்துக்கொண்டே இருக்க வேண்டுமென்பதில்லை. கொல்கத்தாவில் வாழும் அன்பர்களுக்கு இந்தத் தொல்லையே வேண்டாம். தெருவுக்குத் தெரு மண் குவளையில் தேநீர் கிடைக்கும் பாக்கியம் பெற்றவர்கள் அவர்கள்.

இவ்விடத்தில் நம் சங்கங்களின் விழாக்களையும் குறிப்பிடாமல் செல்ல இயலவில்லை. பொங்கலுக்கும் சித்திரைப் பிறப்புக்கும் கூடி உண்ணும்போது, சர்க்கரைப் பொங்கல் நெய் வழிய, பளபளக்கும் பூச்சிட்ட காகிதத் தட்டில் அல்லவா பரிமாறப்படுகிறது! எண்ணெய் ஊறாமலிருக்கத் தாளுக்குப் பூசும் ஒருவகை புளோரின் இரசாயனங்கள் இயற்கையில் எளிதில் அழியாதவை. உடலிலும் நெடுங்காலம் தங்குபவை. டென்மார்க் 2020இல் உணவுத் தாள்களில் அவற்றை விலக்கியது. அமெரிக்காவில் உணவுத் தாளில் எண்ணெய் ஊறாமைக்காக அவற்றை விற்பது நின்றுவிட்டதென்று 2024 பிப்ரவரியில் அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் அறிவித்தது. நமக்கு எதற்கு அந்தத் தட்டு? மாதுங்கா சந்தையில் வாழையிலை கிடைக்கிறது. வாழையிலை அகப்படாத வட ஊர்களில், ஒடிசாவிலும் ஜார்க்கண்டிலும் சால மரத்து இலைகளைத் தைத்துச் செய்யும் பத்தல் என்னும் தையல் இலையும், தோனா என்னும் தொன்னையும் கிடைக்கின்றன. நாம் தொன்னை என்பதை அவர்கள் தோனா என்பதில் ஓர் உறவுமுறை தெரியவில்லையா?

குழந்தைகளின் பால்புட்டி விஷயத்தில் மட்டும் ஒரு நல்ல செய்தி உண்டு. கடினமான, கண்ணாடி போலத் தெளிந்த பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கில் பிஸ்பினால்-ஏ என்னும் பொருள் சேர்கிறது. இலண்டனில் டாட்ஸ் என்ற அறிஞர் 1930களிலேயே அது பெண்மைச் சுரப்பைப் போல உடலில் வேலை செய்வதைக் கண்டறிந்திருந்தார். தெரிந்தே பின்னாளில் அதைப் புட்டியில் சேர்த்தனர் என்பதை நினைத்தால் வியப்பாக இருக்கிறது. இந்திய தர நிர்ணய அமைவனம் 2015இல் பால்புட்டிகளில் அதை விலக்கியது. ஐரோப்பியர், ஒருவர் உடல் நாள்தோறும் தாங்கக்கூடிய அளவென்று முன்பு குறித்திருந்ததை 2023இல் 20,000இல் ஒரு பங்காகக் குறைத்துவிட்டனர். ஆகவே மூத்த பிள்ளைக்கு வாங்கிப் பரணில் ஏற்றி வைத்த பழைய புட்டியை இளைய பிள்ளைக்கு இறக்க வேண்டாம். பாலாடையில் புகட்டத் தெரிந்த பாட்டி வீட்டில் இருந்தால் புட்டியே வேண்டாம். குறைமாதக் குழந்தைகளுக்குப் பாலாடையில் புகட்டும் மருத்துவமனைகள் இன்றும் நம் நாட்டில் இருக்கின்றன.

இதுவரை கூறியவை யாவும் புதுக்காலத்துப் பொருள்கள். இவற்றை விலக்குவது மனத்துக்கு எளிது. இனிக் கூறப்போவது நமக்கு மிகவும் பிரியமான ஒன்றைப் பற்றி.

மகளைப் புதுக்குடித்தனம் வைக்கத் தொலைதூர ஊருக்கு அனுப்பும் தாய், துணிகளுக்கு நடுவே பொதிந்து ஓர் ஈயச் சொம்பை வைத்து அனுப்புவது நம் குடும்பங்கள் பலவற்றில் நெடுநாளைய வழக்கம். ஈயச் சொம்பில் வைத்த ரசத்தின் ருசி வேறு எதிலும் வராது என்பதில் நமக்குள் கருத்து வேற்றுமை இல்லை. அடுப்பில் வெறுஞ் சொம்பை வைத்துவிட்டு வாசலுக்குப் போய்ப் பேசிக்கொண்டிருந்தால், திரும்பி வருவதற்குள் சொம்பு உருகி ஓடிவிடும் என்பதும் புது மருமகளுக்கு முதல் நாளே கூறப்படும் எச்சரிக்கை. அது 232 பாகை செல்ஸியஸில் உருகும் உலோகம். நீர் உள்ளவரையில் சூடு 100 பாகையைப் பெரிதும் தாண்டாதாகையால் சொம்பு பிழைத்திருக்கிறது.

நம் மொழியில் ஈயம் என்ற சொல் இரண்டு உலோகங்களைக் குறித்து நிற்பதில்தான் ஆபத்து இருக்கிறது. வெள்ளீயம் ஒன்று, காரீயம் மற்றொன்று. சொம்பு செய்ய வேண்டியது வெள்ளீயத்தில். பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுவதும் அதையே. அது உடலுக்குப் பெரும்பாலும் கெடுதல் செய்யாதது. காரீயமோ கொடிய நஞ்சு. இவ்விரண்டும் உருக்கினால் எந்த விகிதத்திலும் எளிதில் கலக்கும். கலந்தபின் கண்ணால் பிரித்தறிய இயலாது. வெள்ளீயத்தின் விலை காரீயத்தின் விலையைப் போலப் பத்து மடங்குக்கும் அதிகம். கலப்படத்துக்கு இதைவிட வேறு தூண்டுதல் வேண்டுமா? காரீயம் கலந்த சொம்பில் புளிக்கரைசலை ஊற்றிச் சூடேற்றினால், ஒவ்வொரு நாளும் சிறிது சிறிதாக அது ரசத்தில் இறங்கும். நிறம் மாறாது, மணம் மாறாது, ருசியும் கெடாது. கெட்டால் தப்பித்துக்கொள்ளலாமே!

காரீயம் உடலில் செய்வது என்ன? உடல் அதைச் சுண்ணச்சத்து என்று ஏமாந்து எலும்பில் சேர்த்து வைத்துக்கொள்கிறது. அங்கே பல ஆண்டுகள் தங்கி, தாய்மைப் பருவத்தில் எலும்பு கரைந்து சத்து வழங்கும்போது தானும் கிளம்பிக் கருவில் இருக்கும் சிசுவைச் சென்றடைகிறது. ஒரே அளவு காரீயத்தை விழுங்கினாலும், பெரியோரைக் காட்டிலும் சிறு குழந்தையின் உடல் நான்கு ஐந்து மடங்கு அதிகமாக அதை ஈர்த்துக்கொள்ளக்கூடும். அதனால் முதலில் கெடுவது மூளை வளர்ச்சி. பிள்ளை மந்தமாக இருக்கிறான், ஓரிடத்தில் நிலைத்து உட்காருவதில்லை, பாடத்தில் கருத்தில்லை என்று நாம் கண்டிக்கும் குழந்தைகளில் சிலருக்குக் குற்றம் வேறெங்கோ இருக்கலாம். இவ்வளவு வரை தீங்கில்லை என்று கூறத்தக்க அளவே காரீயத்துக்கு இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் தீர்ப்பு. ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியமும் மற்றோர் அமைப்பும் சேர்ந்து 2020இல் வெளியிட்ட மதிப்பீட்டில், இரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்கு மேல் காரீயம் உடைய குழந்தைகள் உலகில் 80 கோடி என்றும், அவர்களில் சுமார் 27 கோடிப் பேர் இந்தியாவில் உள்ளனர் என்றும் கண்டிருக்கிறது. பெட்ரோலிலிருந்து காரீயத்தை நாம் 2000ஆம் ஆண்டோடு நீக்கிவிட்டோம். வீட்டுச் சுவர்ப் பூச்சில் அதற்கு 2017 நவம்பரிலிருந்து கடுமையான வரம்பு வந்துவிட்டது. எஞ்சி நிற்கும் வழிகளில் பாத்திரம் ஒன்று.

ஈயச் சொம்பு மட்டுமன்று. இண்டாலியமும் இந்தக் கணக்கில் சேரும். அமெரிக்காவில் சியாட்டில் நகரம் அடங்கிய கிங் மாவட்டத்துச் சுகாதார அதிகாரிகள், ஆப்கானிஸ்தானத்திலிருந்து வந்த அகதிக் குடும்பத்துக் குழந்தைகளின் இரத்தத்தில் காரீயம் மிகுந்திருப்பதைக் கண்டு காரணம் தேடியபோது, அவர்கள் கொண்டுவந்த அலுமினியச் சமையற் பாத்திரங்களில் வந்து நின்றது தேடல். கண்ட கண்ட பழைய உலோகத்தைச் சேர்த்து உருக்கி வார்த்த பாத்திரங்களுக்குள் புளிப்புத் திராவகத்தைக் காய்ச்சியபோது காரீயம் வெளிப்பட்டது. இவ்வாராய்ச்சி 2022இல் வெளியாயிற்று. 2025 ஆகஸ்டில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், இறக்குமதியாகும் அலுமினியம், பித்தளை, இண்டாலியம் பாத்திரங்களில் சிலவற்றிலிருந்து காரீயம் உணவில் இறங்கக்கூடுமென்று பெயர் சொல்லியே எச்சரித்தது. எல்லா இண்டாலியமும் கெட்டதென்பது இதன் பொருளன்று. ஆயினும் எடை போட்டு விற்கும் முத்திரையற்ற வாணலியில் புளிக்குழம்பு வைப்பதைத் தவிர்த்து, அதற்கு எவர்சில்வரையோ மண்சட்டியையோ கொள்வது நலம்.

சொம்புக்கு வருவோம். அம்மா கொடுத்த சொம்பை எடுத்து எறியுங்கள் என்று கூற நாம் துணியவில்லை. சோதித்துப் பாருங்கள் என்றுதான் கூறுகிறோம். அதற்கு ஆர்க்கிமிடீஸ் அரசனின் கிரீடத்துக்குச் செய்த உபாயமே போதும். 5 கிலோ வரை நிறுக்கும், எண் காட்டும் சமையலறைத் தராசு ஒன்று வேண்டும். முதலில் உலர்ந்த சொம்பை நிறுத்துக் குறித்துக்கொள்க. பிறகு சொம்பு முழுவதும் அமிழக்கூடிய பாத்திரத்தில் நீர் நிரப்பித் தராசின்மேல் வைத்து, எண்ணைச் சைபராக்குக. சொம்பை நூலில் கட்டி, உள்ளே காற்று தங்காதபடி நீரில் முழுவதும் அமிழ்த்துக. அடியிலும் பக்கத்திலும் இடிக்காமல் கையில் தொங்கவிட்டுப் பிடிக்க வேண்டும். அப்போது தராசு காட்டும் கிராம் எண்ணால் சொம்பின் நிறையை வகுத்தால் வருவது அதன் அடர்த்தி. தூய வெள்ளீயத்துக்கு அது 7.3, காரீயத்துக்கு 11.3. 600 கிராம் சொம்பு தூயதாயின் தராசு ஏறத்தாழ 82 காட்டும். நூற்றுக்கு 30 பங்கு காரீயம் கலந்திருந்தால் 73 அல்லது 74 காட்டும். நம் மாணவச் செல்வங்களுக்கு இதைவிடச் சுவையான பௌதிகப் பாடம் கிடைக்காது.

பெருங்கலப்பை இது காட்டிக்கொடுக்கும். நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு கலப்பை இது காட்டாது; அதுவும் கெடுதலே. நகைக் கடைகளில் தங்கத்தின் மாற்றைக் கதிர் பாய்ச்சிச் சோதிக்கும் கருவி பிற உலோகங்களையும் இனம் காணவல்லது; தெரிந்த கடையில் கேட்டுப் பார்க்கலாம். பரிசோதனைச் சாலைகளிலும் செய்து தருவர். புதிதாக வாங்குவோர் தூய வெள்ளீயம் என்று பட்டியலில் எழுதித் தருமாறு கேட்டு வாங்குவது நன்று. எழுதித் தரத் தயங்கும் கடையில் வாங்காமல் இருப்பது இன்னும் நன்று. சோதிக்கும் வசதி வாய்க்கும் வரையில், ரசத்தை எவர்சில்வர்ப் பாத்திரத்தில் வைத்துக்கொள்ளலாம். குறைந்தபட்சம் குழந்தைகளுக்கும் கருவுற்ற பெண்டிருக்கும் பரிமாறுவதையாவது அப்படிச் செய்க. சோதனையில் தேறிய சொம்பிலும் ரசத்தை இரவு முழுவதும் வைத்திராமல் உடனே மாற்றிவிடுக.

தேறாத சொம்பைப் பழைய பாத்திரக்காரரிடம் மட்டும் போட்டுவிட வேண்டாம். அவர் அதை உருக்குவார்; உருக்கியது மற்றொரு சொம்பாகி, மற்றொரு வீட்டு மகளின் பெட்டியில் ஏறிவிடும். அன்னையின் நினைவாக அதை அலமாரியின் மேல்தட்டில், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைத்துக்கொள்ளலாம்.